ஐவன் ஸ்டெட்போர்டு

சர் ஐவன் ஆர்தர் ரைஸ் ஸ்டெட்போர்டு (ஜனவரி 28, 1897 – பெப்ரவரி 9, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் ஆவார். உருக்குக் குழாய்கள், மிதிவண்டிகள், வீட்டு மின்சாதனங்கள் முதலியவற்றை உற்பத்தி செய்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் (சுருக்கமாக டி.ஐ.) குழுமத்தின் தலைவராக 1944 முதல் 1963 வரை பணியாற்றினார். ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., ராலே ஆகிய புகழ்பெற்ற பிரித்தானிய மிதிவண்டிப் பெயர்கள் அனைத்தும் இவரது தலைமைக் காலத்தில் ஒரே குழுமத்தின் உடைமையாயின.

தமிழ்நாட்டில் இவரது பெயர், சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில் உள்ள சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனையின் வழியாகவே பெரிதும் அறியப்படுகிறது. மருத்துவமனைக்குப் பெயர் தந்தவர் மருத்துவராக இருந்திருப்பார் என எண்ண இடமுண்டு. ஆனால் இவருக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பு இல்லை. அம்பத்தூருக்கு இவர் வழியாக வந்தது மிதிவண்டியே.

இளமை

ஸ்டெட்போர்டின் தந்தை சார்ல்ஸ் ஸ்டெட்போர்டு, மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர். ஐவன், தெவன் பகுதியிலுள்ள செபியர் கல்லூரியிலும் பின்னர் பர்மிங்காமில் கிங் எட்வர்டு பள்ளியிலும் பயின்றார். அதன்பின் வோல்சிலி மோட்டார் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் அரச கடற்படையின் வான்பிரிவில் விமானியாகப் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் பர்மிங்காமில் மோட்டார் வாகன விற்பனைத் தொழிலில் ஈடுபட்டார். பட்டறையில் தொழில் கற்று, பின் கடையில் விற்பனை கற்ற இந்த வரிசை இவரது பிற்கால நடவடிக்கைகளை விளங்கிக்கொள்ள உதவும்.

டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்

டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1919 ஆம் ஆண்டில் பர்மிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு குழாய்த் தொழில் நிறுவனங்கள் ஒன்றிணைந்ததால் உருவானது. அவற்றுள் ஒன்றான டியூப்ஸ் நிறுவனத்தில் ஸ்டெட்போர்டு 1928 இல் சேர்ந்தார். 1930களில் குழுமத்தின் நிர்வாகத்தில் படிப்படியாக உயர்ந்து, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 இல் அதன் தலைவரானார்.

குழாய் செய்யும் நிறுவனம் மிதிவண்டித் தொழிலில் ஏன் இறங்கியது என்ற கேள்வி எழலாம். மிதிவண்டியின் உடற்சட்டகம் முழுவதும் குழாய்களால் ஆனது. மேற்குழாய், கீழ்க்குழாய், இருக்கைக் குழாய், தலைக்குழாய் என ஒவ்வொரு வண்டிக்கும் பல குழாய்த் துண்டுகள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டி மோகம் எழுந்தபோதுதான் இங்கிலாந்தின் உருக்குக் குழாய்த் தொழில் வளர்ந்தது. மோகம் தணிந்தபோது அதுவும் நலிந்தது. வாங்குபவரின் நிலையே விற்பவரின் நிலையாக இருந்ததால், வாங்கும் நிறுவனங்களையே உடைமையாக்கிக் கொள்வது குழாய் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்திக் நகரின் பிலிப்ஸ் மிதிவண்டி நிறுவனம் தொடக்கத்திலேயே டி.ஐ. குழுமத்துக்குள் வந்துவிட்டது. ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனம் 1928 இல் இணைந்தது. அந்நிறுவனம் 1935 இல் அறிமுகப்படுத்திய 531 என்ற மாங்கனீசு மாலிப்டினக் கலப்புருக்குக் குழாய், பந்தய மிதிவண்டிகளின் சட்டகத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலக அளவில் முதல் தெரிவாக விளங்கியது. போர்க்காலத்தில் இதே குழாய் விமான எஞ்சின்களைத் தாங்கும் சட்டங்களுக்கும் பயன்பட்டது.

மிதிவண்டிப் பெயர்களைத் திரட்டுதல்

ஸ்டெட்போர்டு தலைவரான பின் நடைபெற்ற முதல் பெரிய மிதிவண்டி வாணிபம் ஹெர்குலஸ் நிறுவனத்தை வாங்கியதாகும் (1946). எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற சகோதரர்கள் 1910 இல் பர்மிங்காமில் தொடங்கிய ஹெர்குலஸ், மலிவு விலைக்குப் பெயர் பெற்றது. வேலைக்குச் செல்லும் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் பெருந்தொகையாக வண்டி செய்து விற்பதே கிரேன் சகோதரர்களின் வழிமுறை. ஏற்றுமதியிலும் ஹெர்குலஸ் முன்னணியில் இருந்தது. இந்தியா அதன் பெரிய சந்தைகளுள் ஒன்று.

பின்னர் 1957 இல் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் மிதிவண்டிப் பிரிவை ராலே நிறுவனம் வாங்கியது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் சிறு ஆயுதங்கள் என்ற பெயரின் சுருக்கம். அடிப்படையில் அது துப்பாக்கித் தொழிற்சாலை. நாட்பட்ட பி.எஸ்.ஏ. வண்டிகளில் குறுக்காக அடுக்கிய மூன்று துப்பாக்கிகளின் சின்னம் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இறுதியாக 1960 இல் நாட்டிங்காம் நகரின் ராலே நிறுவனம் டி.ஐ. குழுமத்துடன் இணைந்தது. ராலே ஏற்கெனவே ஹம்பர், ரட்ஜ், டிரயம்ப் ஆகிய பெயர்களைத் தன்வசம் வைத்திருந்தது. சக்கர மையத்தினுள் பல்லிணை மாற்றும் பொறியைச் செய்த ஸ்டர்மி ஆர்ச்சரும் அதனுடையதே. ஆக, பிரித்தானிய மிதிவண்டித் தொழிலின் மிகப் பெரும்பகுதி ஒரே கூரையின் கீழ் வந்தது. இணைப்புக்குப் பின் மிதிவண்டிப் பிரிவின் மேலாண்மை ராலேயிடமே ஒப்படைக்கப்பட்டது. வாங்கியவர் டி.ஐ. ஆயினும், நடத்தியவர் நாட்டிங்காம்காரர்.

இந்தத் திரட்டலின் விளைவு இருவகைப்பட்டது. போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்ததால் செலவு குறைந்தது. மறுபுறம், தனித்தனியே வடிவமைக்கப்பட்ட வண்டிகள் மறைந்தன. 1960களில் ஒரே சட்டகத்தின் மீது ஹெர்குலஸ் சின்னம் ஒட்டினால் ஹெர்குலஸ், பிலிப்ஸ் சின்னம் ஒட்டினால் பிலிப்ஸ் என்ற நிலை ஏற்பட்டது. பர்மிங்காம் பகுதியின் மிதிவண்டித் தொழிற்சாலைகள் படிப்படியாக மூடப்பட்டன. அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழிலாளிகள் மிதிவண்டியிலிருந்து மோட்டார் வாகனத்துக்கு மாறிக்கொண்டிருந்தனர் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். எனவே வீழ்ச்சிக்கு ஸ்டெட்போர்டு ஒருவரையே பொறுப்பாக்குவது நியாயமாகாது. எனினும் பெயர்களைத் திரட்டுவதில் காட்டிய அக்கறை, அப்பெயர்களுக்குரிய வண்டிகளைக் காப்பதில் காட்டப்படவில்லை என்ற குறையை மறுப்பதற்கில்லை.

அம்பத்தூர்

விடுதலை பெற்ற இந்தியா, இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்கும் கொள்கையை மேற்கொண்டது. இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத பிரித்தானிய நிறுவனங்களுக்கு, இந்தியப் பங்காளியுடன் சேர்ந்து இங்கேயே தொழிற்சாலை அமைப்பதே வழியாக இருந்தது. ராலே நிறுவனம் வங்காளத்தின் சென் குடும்பத்தாருடன் சேர்ந்து ஆசன்சோலில் சென் ராலே தொழிற்சாலையை நிறுவியது. டி.ஐ. குழுமம் தெற்கே வந்தது.

டி.ஐ. தேர்ந்தெடுத்த பங்காளிகள், காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தினர். இக்குடும்பத்தின் தொழிலை நிறுவிய திவான் பகதூர் அ. மு. முருகப்பச் செட்டியார் (1884–1949) பர்மாவின் மோல்மேன் நகரில் வட்டித் தொழிலில் தொடங்கி, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்கும் தொழிலை விரிவாக்கியவர். இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றுவதற்கு முன்னரே, குடும்பத்தின் முதலீட்டில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டது. அவருடைய மூத்த மகன் அ. மு. மு. முருகப்பச் செட்டியார் (1902–1965) காலத்தில் குடும்பம் கடன் கொடுக்கும் தொழிலிலிருந்து ஆலைத் தொழிலுக்குத் திரும்பியது. டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா 1949 இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் தந்தையார் காலமானார்.

தொழிற்சாலைக்குத் தெரிவு செய்யப்பட்ட அம்பத்தூர் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர். பெரிய ஏரியும் வயல்களும் சூழ்ந்திருந்தன. இன்று அம்பத்தூர் என்றவுடன் நினைவுக்கு வரும் தொழிற்பேட்டை 1960களில்தான் அமைந்தது. ஆக, மிதிவண்டித் தொழிற்சாலை தொழிற்பேட்டைக்கு முந்தியது. (அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.)

இங்கு முதலில் வெளிவந்தது ஹெர்குலஸ் (1951). பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகியவை பின்னர் சேர்ந்தன. இங்கிலாந்தில் டி.ஐ. குழுமத்தில் திரண்ட பெயர்களே அம்பத்தூரிலும் ஒவ்வொன்றாக வந்தன. சட்டகத்துக்குரிய குழாய்களை உள்நாட்டிலேயே செய்வதற்காக, ஓல்டுபரி நகரின் குழாய் நிறுவனத்துடன் இணைந்து டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் ஆலை அடுத்துள்ள ஆவடியில் 1955 இல் தொடங்கப்பட்டது. சமதர்மப் பாங்கான சமுதாயம் பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தைக் காங்கிரசுக் கட்சி ஆவடி மாநாட்டில் நிறைவேற்றியதும் அதே ஆண்டுதான். அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்துடன் இணைந்து 1960 இல் அம்பத்தூரில் சங்கிலித் தொழிற்சாலை அமைந்தது. மில்லர் விளக்குகளுக்கும் ரைட் இருக்கைகளுக்கும் தனி நிறுவனங்கள் தோன்றின. ஒரு மிதிவண்டிக்கு வேண்டிய குழாய், சங்கிலி, விளக்கு, இருக்கை ஆகியவை சென்னை வட்டாரத்திலேயே கிடைக்கும் நிலை பத்து ஆண்டுகளுக்குள் உருவாயிற்று. முன்பு பர்மிங்காமைச் சுற்றி இருந்த அமைப்பின் சிறிய படி என்று இதனைக் கொள்ளலாம்.

ஹெர்குலஸ் வண்டியின் அமைப்பு

அம்பத்தூருக்கு வந்த வண்டி, ஆங்கிலேயர் ரோட்ஸ்டர் என வழங்கிய வகையைச் சேர்ந்தது. பாரத்தைத் தாங்கவும் கரடுமுரடான சாலையில் ஓடவும் ஏற்றது. தமிழ்நாட்டில் பால்காரரும் அஞ்சல்காரரும் ஆலைத் தொழிலாளரும் பல்லாண்டுகள் ஓட்டியது இதனையே. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விடும் சைக்கிள் கடைகளில் பெரும்பாலும் நின்றதும் இதுவே.

இதன் முக்கிய அடையாளங்கள் பின்வருமாறு: 28 அங்குலச் சக்கரம், 1½ அங்குல அகல டயர், கறுப்பு எனாமல் பூச்சின் மீது மெல்லிய பொன்னிறக் கோடு, தலைக்குழாயில் உலோகச் சின்னம், சங்கிலியை முழுவதும் மூடிய உறை, சுருள்வில் வைத்த தோல் இருக்கை, டயரில் உரசி ஓடும் டைனமோ விளக்கு, பின்னால் கேரியர். தலைக்குழாய் பின்னோக்கி நன்கு சாய்ந்திருப்பதால் முன்கவை நீண்டு நிற்கும். குழியில் விழுந்து எழும்போது அதிர்ச்சி கையை எட்டுவது குறைவு.

பிரேக்குக் கம்பிவடம் கிடையாது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால், இணைக்கப்பட்ட உருக்குத் தண்டுகள் பிரேக் கட்டைகளை மேலே இழுத்து, ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சை நோக்கிய பக்கத்தில், அழுத்தும். இதற்கேற்ப உருட்டி வளைத்த ஓரங்களைக் கொண்ட ரிம், வெஸ்ட்வுட் ரிம் எனப்படும். முன்சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகள், பின்சக்கரத்தில் 40. மிதித்தண்டு, அச்சுடன் காட்டர் பின் என்ற ஆப்பு வடிவ ஆணியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு சுத்தியலும் இரண்டு திருகுச்சாவியும் இருந்தால் மரத்தடிக் கடைக்காரர் முழு வண்டியையும் பிரித்து மாட்டிவிடுவார். இங்கிலாந்தில் இவ்வகை வழக்கொழிந்த பின்னும் இந்தியாவில் நிலைத்ததற்கு, பழமைப் பற்றைவிட இந்த எளிமையே காரணம்.

அலுமினியப் போர்

இங்கிலாந்தின் வணிக வரலாற்றில் ஸ்டெட்போர்டு நினைவுகூரப்படுவது மிதிவண்டிக்காக அன்று. 1958 – 59 இல் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தைக் கைப்பற்றுவதற்கு நடந்த போட்டிக்காகவே. அலுமினியப் போர் என அழைக்கப்பட்ட இதில், டி.ஐ. குழுமம் அமெரிக்காவின் ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்துடன் (மேலே கூறப்பட்ட குழாய் நிறுவனத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு) சேர்ந்து ஏலம் கேட்டது. போர்க்கால வான்படைத் தளபதியான போர்ட்டல் பிரபுவின் தலைமையில் இருந்த பிரிட்டிஷ் அலுமினியம் இயக்குநர் குழு, வேறோர் அமெரிக்க நிறுவனமான அல்கோவாவுக்குப் பங்குகளை விற்க முடிவு செய்திருந்தது. இலண்டனின் பழம்பெரும் வணிக வங்கிகள் இயக்குநர் குழுவின் பக்கம் நின்றன. டி.ஐ. பக்கம் ஆலோசகராக இருந்தவர் செர்மனியிலிருந்து குடியேறிய வங்கியாளர் சீக்மண்ட் வார்பர்க்.

இயக்குநர்களின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பங்குதாரர்களிடம் நேரடியாக விலை பேசியும் சந்தையில் பங்குகளை வாங்கியும் 1959 ஜனவரியில் டி.ஐ. – ரெனால்ட்ஸ் கூட்டணி வெற்றி பெற்றது. எதிர்ப்பை மீறி ஒரு நிறுவனத்தைக் கையகப்படுத்தும் முறைக்கு பிரித்தானியாவில் இதுவே முதல் பெரிய எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. பங்குதாரர்களிடம் தகவலை மறைத்து இயக்குநர்கள் தாமாக முடிவெடுக்கும் பழைய வழக்கம் இதன்பின் தளர்ந்தது. மாலுமியையும் வங்கியாளரையும் பிரபுக்களையும் கொண்ட இலண்டன் வட்டத்துக்கு, போதகரின் மகனும் குடியேறிய வங்கியாளரும் சேர்ந்து அடைந்த இவ்வெற்றி கசப்பாகவே இருந்தது.

ஆராய்ச்சியும் பொதுப்பணியும்

ஸ்டெட்போர்டின் தலைமைக் காலத்தில் கேம்பிரிட்சுக்கு அருகே ஹிங்ஸ்டன் மாளிகையில் டி.ஐ. ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றிய ஜேம்ஸ் மென்ட்டர் 1956 இல், படிகத்தில் அணுத்தளங்கள் அடுக்கப்பட்டிருப்பதை எதிர்மின்னி நுண்ணோக்கியின் மூலம் நேரடியாகப் படமெடுத்தார். படிகங்களின் பிழைகளை ஆராய்வதில் இது ஒரு திருப்புமுனை. அதே வளாகத்தில் 1990களில் அமைந்த சாங்கர் நிலையம், மனித மரபணுத் தொகுதியை வாசித்த பன்னாட்டுத் திட்டத்தில் பெரும்பங்கு வகித்தது. குழாய்த் தொழிலின் இலாபத்தில் வாங்கிய இடம் உயிரியலுக்கு உதவியது என்பது தற்செயலான நிகழ்வே.

ஒலிபரப்பின் எதிர்காலம் பற்றி ஆராய 1949 இல் அமைக்கப்பட்ட பெவரிட்ஜ் குழுவிலும், பின்னர் ஐக்கிய இராச்சிய அணுசக்தி ஆணையத்திலும் ஸ்டெட்போர்டு உறுப்பினராக இருந்தார். 1954 இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. ஆகவே அம்பத்தூர் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோது அவர் வெறும் திரு. ஸ்டெட்போர்டுதான்.

கடும் இழப்பில் இயங்கிய இரயில்வேயை உள்ளடக்கிய பிரித்தானியப் போக்குவரத்து ஆணையத்தை ஆராய, 1960 இல் அவர் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழுவை அரசு நியமித்தது. அக்குழுவின் பரிந்துரைகள் அப்போது வெளியிடப்படவில்லை. குழு உறுப்பினரான ரிச்சர்டு பீச்சிங் 1961 இல் இரயில்வேயின் பொறுப்பை ஏற்று, 1963 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்த அறிக்கையை வெளியிட்டார். கிளைப்பாதைகளை வெட்டியவர் என்று பீச்சிங்கின் பெயர் இன்றும் அங்கு ஏசப்படுகிறது. ஸ்டெட்போர்டின் பெயர் அந்த ஏச்சிலிருந்து தப்பிவிட்டது.

ஸ்டெட்போர்டு 1963 இல் டி.ஐ. தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1975 பெப்ரவரி 9 அன்று காலமானார்.

பின்னர் நிகழ்ந்தவை

டி.ஐ. குழுமம் 1987 இல் ராலேயை விற்றது. நாட்டிங்காமில் சட்டகம் செய்வது 1999 இல் நின்றது. வண்டி பூட்டும் பணியும் 2002 இல் முடிவுற்றது. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000 இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்திடம் சென்றது. தோல் இருக்கைக்குப் பெயர் பெற்ற ப்ரூக்ஸ் 2002 இல் இத்தாலியின் செல்லே ராயல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆனால் தோல் இருக்கைத் தயாரிப்பு ஸ்மெத்திக் நகரிலேயே தொடர்ந்தது. டி.ஐ. குழுமமே 2000 இல் ஸ்மித்ஸ் நிறுவனத்துடன் இணைந்து தன் பெயரை இழந்தது. ஸ்டெட்போர்டு இருபது ஆண்டுகளில் திரட்டியது இங்கிலாந்தில் இவ்வாறு கலைந்தது.

இந்தியாவில் நிகழ்ந்தது வேறு. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெயரும், ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. ஆகிய வண்டிப் பெயர்களும் முருகப்பா குழுமத்தில் நிலைத்தன. எடை குறைந்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகள் 1980களில் இளைஞரிடையே பரவியபோதும், தண்டு பிரேக் கொண்ட பழைய வகைக்கு ஊர்ப்புறங்களில் தேவை குறையவில்லை. லூதியானாவின் சிறு தொழிற்கூடங்கள் இவ்வகைக்குரிய உதிரிபாகங்களைத் தொடர்ந்து செய்துவந்தன.

இதன் பயன் அண்மைக் காலத்தில் எதிர்பாராத திசையிலிருந்து வெளிப்பட்டுள்ளது. தந்தையோ தாத்தாவோ ஓட்டிய ஹெர்குலஸைச் சீரமைப்போரும், புதிய வண்டிக்குப் பழைய தோற்றம் தர விரும்புவோரும் பெருகியுள்ளனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஆங்கில வண்டி வைத்திருப்பவர்களும் தண்டு பிரேக், 28 அங்குல டயர் முதலியவற்றுக்கு இந்தியத் தயாரிப்பையே நாடுகின்றனர். சென்னையில் பாரிமுனையை அடுத்த ரத்தன் பஜார் மிதிவண்டிக் கடைகளுக்குப் பெயர் பெற்றது.

பழைய தோற்றம் கொண்ட புதிய பாகங்களைத் தேடுவோர் சில அளவுகளை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் தோற்றத்தில் ஒத்தவை அளவில் ஒத்திருப்பதில்லை.

முதலாவது சக்கரம். 28 அங்குலம் என்ற ஒரே பெயரில் இருவேறு அளவுகள் விற்கப்படுகின்றன. ஹெர்குலஸ் வகையின் 28 x 1½ டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்கால 700சி ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய வண்டியில் 622 அளவு ரிம்மைப் பூட்டினால், அதன் விளிம்பு 6.5 மில்லிமீட்டர் அச்சுப் பக்கம் தள்ளியிருக்கும். பிரேக் கட்டை எட்டுகிறதா என முதலில் பார்க்கவேண்டும்.

இரண்டாவது பிரேக். வெஸ்ட்வுட் ரிம்முக்குத் தட்டையான பக்கச்சுவர் கிடையாது. ஆகவே பக்கவாட்டில் கவ்வும் இக்காலப் பிரேக்கை அதில் பொருத்திப் பயனில்லை, வண்டி நிற்காது. பழைய தோற்றமும் கம்பிவட பிரேக்கும் ஒருங்கே வேண்டுமெனில், தட்டைச் சுவர் கொண்ட எண்டிரிக் வகை ரிம்மையோ, இரண்டுக்கும் இடைப்பட்ட வெஸ்ட்ரிக் ரிம்மையோ தேடவேண்டும். தோற்றத்துக்காகப் பிரேக்கில் விட்டுக்கொடுப்பது ஆபத்தானது.

ஆரக்கம்பித் துளைகளும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. இக்கால மையங்களில் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைகளே உண்டு. 40 துளை ரிம்முக்கு அவை ஆகா. பின்சக்கரத்துக்கு ரிம்மையும் மையத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. மேலும் பழைய சட்டகத்தின் பின்கவை இடைவெளி ஏறத்தாழ 110 முதல் 115 மில்லிமீட்டர் வரைதான். பல்லிணை அடுக்குள்ள இக்கால மையங்கள் 130 மில்லிமீட்டருக்குக் குறையாதவை.

மிதித்தண்டு அச்சு அமரும் திருகுமரையில் மட்டும் வரலாறு கருணை காட்டியுள்ளது. 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்ட அளவு, இன்றும் உலகெங்கும் பி.எஸ்.ஏ. மரை என்றே வழங்குகிறது. இக்கால மூடிய அச்சுக் கூடுகளில் மிகப் பல இந்த அளவிலேயே செய்யப்படுகின்றன. எனவே அம்மரை கொண்ட பழைய சட்டகத்தில் காட்டர் பின்னை விலக்கிப் புதிய அச்சைப் பூட்ட இயலும். நாட்டிங்காம் ராலே சட்டகங்களில் 26 மரை இருப்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது. வாங்குமுன் மரையளவியால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கை, மணி, கைப்பிடி உறை, விளக்கு ஆகியவற்றில் இத்தகைய இடர் குறைவு. பழைய டைனமோ விளக்கின் கூட்டுக்குள் எல்.இ.டி. வைத்து ஓட்டுவோர் உண்டு. உலோகச் சின்னம் மட்டும் உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது. பழைய வண்டியைப் பிரிக்கும்போது அதனை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்துவது வழக்கம்.

மருத்துவமனை

முருகப்பா குடும்பத்தின் அறக்கட்டளை 1966 இல் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, அதற்கு ஸ்டெட்போர்டின் பெயரைச் சூட்டியது. அப்போது அவர் உயிருடன் இருந்தார், பதவியில் இல்லை. பள்ளத்தூரில் 1924 இலேயே மருத்துவமனை நிறுவிய குடும்பத்தின் வழக்கத்தையொட்டி இது அமைந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டார மக்களுக்கும் சேவை செய்யும் இம்மருத்துவமனை, சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலைப் பகுதியில் தொடர்ந்து இயங்கி வருகிறது.